பாக்கின் அலைக்குறியை எந்த ஸ்வரத்திலிருந்து தொடங்குவது?

மொரீஷியஸின் குவாத்ர் போர்னிலிருந்து ஓர் அம்மையார் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய மகள் வீட்டருகே பியானோவும், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் வீணையும் கற்கிறாள். தேர்வுக்கு எடுத்திருக்கும், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் சிறு உருப்படி ஒன்றில் சில ஸ்வரங்களின் தலைமேல் சின்ன அலைபோல ஒரு குறி இருக்கிறது. பியானோ ஆசிரியை அதை மேல் ஸ்வரத்திலிருந்து தொடங்கச் சொல்கிறார். வீட்டிலிருக்கும் பழைய புத்தகத்தின் அடிக்குறிப்பு எழுதிய ஸ்வரத்திலிருந்தே தொடங்கச் சொல்கிறது. ஒலிப்பதிவுகளில் ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் வாசிக்கிறார்கள். இவற்றில் எது சரி, வீணையில் கற்ற கமகத்தைப் போல இதையும் வாசித்தால் தவறா என்பதே அவர் கேட்பது.

முதலில் நேரடியான விடையைச் சொல்லிவிடுகிறேன். பாக்கின் இசையைப் பொறுத்தவரை உங்கள் மகளின் ஆசிரியை சொல்வதே பொதுவிதி: மேல் ஸ்வரத்தில் தொடங்க வேண்டும், அந்த மேல் ஸ்வரம் இடது கை அடிக்கும் பேஸ் ஸ்வரத்தோடு ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஆனால் விதியை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை அடுத்த உருப்படியில் மறுபடியும் தடுமாறும். அதன் காரணம் தெரிந்த குழந்தைக்கு எந்த இடத்தில் விதியைத் தளர்த்தலாம் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். அந்தக் காரணம் கர்நாடக இசை பழகிய காதுக்குச் சட்டென்று பிடிபடாத ஒன்று என்பதால் அதைக் கொஞ்சம் நிதானமாக விளக்குகிறேன்.

அந்த அலைக்குறி குறிப்பது ட்ரில் என்ற அலங்காரத்தை, அதாவது எழுதிய ஸ்வரத்தையும் அதற்கு அடுத்த மேல் ஸ்வரத்தையும் மாறி மாறி அடிப்பதை. மேற்கத்திய இசையில் ட்ரில் என்பது வெறும் நடுக்கம் அன்று. அது அப்போஜியாதுரா எனப்படும் சாய்வு ஸ்வரத்தை மீண்டும் மீண்டும் அடிப்பதிலிருந்து வளர்ந்தது. பேஸோடு ஒட்டாத ஒரு ஸ்வரம் தாளத்தின் அடிமேல் விழுந்து, உரசி, பிறகு ஒட்டுகிற ஸ்வரத்தில் இறங்கி அமைதி பெறுவதுதான் அப்போஜியாதுரா. உரசலும் அமைதியும் சேர்ந்துதான் அந்த அலங்காரத்துக்குப் பொருள் தருகின்றன. ஒரு வாக்கியம் முடியும் இடத்தை எடுத்துக்கொள்வோம். சி மேஜரில் கடைசி கார்டுக்கு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுக்கு) முந்திய இடத்தில் இடது கையில் ஜி இருக்கிறது. வலது கையில் பி, அதன்மேல் ட்ரில். அடுத்து சி-யில் முடிவு. நம் கணக்கில் சொன்னால் சி-யை ஷட்ஜமாக வைத்தால் பேஸில் பஞ்சமம், மேலே நிஷாதம், ட்ரில்லின் முதல் ஸ்வரம் ஷட்ஜம்.

இங்குதான் சிக்கல் வருகிறது. தம்பூராவின் ஸ-ப-ஸ ஒலியிலேயே வளர்ந்த காதுக்கு ஷட்ஜத்தைப் போல நிம்மதியான ஸ்வரம் வேறில்லை. பஞ்சமத்தோடு அது சேர்ந்தால் இன்னும் நிறைவு. ஆகவே அந்தக் குழந்தைக்கு ‘ஸநி ஸநி’ என்று தொடங்குவதில் எந்த உரசலும் கேட்பதில்லை. நிஷாதம்தான் ஸ-வை நோக்கி ஏங்குகிற ஸ்வரமாகக் கேட்கிறது. ஆனால் ஹார்மனியின் கணக்கில் அந்த நொடிக்கு அரசன் பேஸில் இருக்கும் ஜி. அதன் கார்டில் ஜி, பி, டி ஆகியவற்றுக்கு இடமுண்டு, சி-க்கு இடமில்லை. பேஸிலிருந்து நான்காவது ஸ்வரமாக நிற்கும் அந்த சி மூன்றாவதான பி-யில் இறங்கியே ஆக வேண்டும். அதாவது வீட்டுக்காரனான ஷட்ஜமே அந்த இடத்தில் அந்நியனாகிவிடுகிறான். இது கேட்கத் தொடங்கிவிட்டால் ட்ரில்லை ஏன் மேலிருந்து தொடங்க வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கீழிருந்து தொடங்கினால் உரசல் அடிமேல் விழாமல் அடிக்கு நடுவே சிதறிப்போய் அலங்காரம் சப்பென்று இருக்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இடது கையில் ஜி, டி, எஃப் மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையில் முதலில் பி-யை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அதே கார்டோடு சி-யை அடித்து, ஒரு அட்சரம் தாங்கி, பி-யில் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறையில் ஒரு இழுப்பும் தளர்வும் கேட்கும். அந்த இழுப்பை அவள் தன் காதால் கண்டுபிடிக்கும்வரை ட்ரில்லை வேகமாக ஆட்டச் சொல்லாதீர்கள். மெதுவான சி-பி நன்றாக அமைந்தால் மீதமுள்ள ஆட்டம் விரல் பழக்கம் மட்டும்தான்.

பாக் தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக 1720-இல் தொடங்கிய பயிற்சி நோட்டில் அலங்காரக் குறிகளுக்கு ஒரு சிறு அட்டவணை எழுதி வைத்திருக்கிறார். அப்போது பையனுக்கு ஒன்பது வயது. பதின்மூன்று குறிகள், ஒவ்வொன்றின் கீழும் அதை எப்படி வாசிப்பது என்று விரித்து எழுதியிருக்கிறது. அலைக்குறிக்கு அவர் தரும் விரிவு மேல் ஸ்வரத்தில்தான் தொடங்குகிறது. இந்த அட்டவணை வானத்திலிருந்து விழவில்லை. பியானோவுக்கு முந்திய சாவிக் கருவியான ஹார்ப்சிகார்டை வாசித்த பிரெஞ்சுக் கலைஞர் டாங்லெபேர் 1689-இல் அச்சிட்ட நூலில் இருபத்தொன்பது குறிகளுக்கு விளக்கம் இருந்தது. பாக் இளைஞராக இருந்தபோது அந்த அட்டவணையைக் கையால் நகலெடுத்து வைத்திருந்தார். ஃப்ரான்ஸுவா கூப்ரான் 1713-இல் தம் முதல் தொகுப்பிலும் இப்படி ஓர் அட்டவணை தந்தார். 1722-இல் வெளிவந்த மூன்றாம் தொகுப்பின் முன்னுரையில், இவ்வளவு கவனமாகக் குறித்துக் கொடுத்தும் வாசிப்பவர்கள் தம் விருப்பப்படி கூட்டியும் குறைத்தும் வாசிக்கிறார்களே என்று நொந்துகொண்டார். நம் ஊரில் இசையைப் பிரெஞ்சில் கற்கும் பிள்ளைகள் ‘ட்ராம்ப்ளமான்’, ‘பேன்ஸே’ என்று சொல்லும் பெயர்கள் அந்தக் கூப்ரான் காலத்துப் பெயர்கள்தான். ஆங்கிலப் புத்தகத்தில் ட்ரில், மோர்டென்ட் என்று வருபவையும் அவையே. ஒரே வீட்டில் இரண்டு பெயர்களும் புழங்கினால் பெயரை விட்டுவிட்டுக் குறியைப் பார்த்துப் பேசுவது நல்லது.

இத்தகைய அட்டவணைகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அவை ஸ்வரங்களின் வரிசையைக் காட்டுகின்றனவே தவிர, அவற்றின் எண்ணிக்கையையோ வேகத்தையோ முடிவாகக் கட்டுவதில்லை. எழுத்தில் எல்லா ஸ்வரங்களும் ஒரே அளவில் அடுக்கப்பட்டிருக்கும். வாசிப்பில் முதல் ஸ்வரம் சற்றே தாங்கும், நடுவில் வேகம் கூடும், இறுதியில் அடுத்த ஸ்வரத்துக்கு வழிவிடும். லியோபோல்ட் மோட்ஸார்ட் 1756-இல் வெளியிட்ட வயலின் பாடநூலில் ட்ரில்லை மெதுவானது, நடுத்தரமானது, விரைவானது, மெல்லத் தொடங்கி வேகம் கூடுவது என்று நான்காகப் பிரித்து, சோகமான உருப்படிக்கு மெதுவானதும் உற்சாகமானதற்கு விரைவானதும் பொருந்தும் என்கிறார். எத்தனை ஆட்டம் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது: உருப்படியின் காலப்பிரமாணமும் பாவமும்தான் அதைத் தீர்மானிக்கும்.

கணக்காகவே வேண்டும் என்றால் மேலே சொன்ன பி-யையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு க்ராட்செட் (இங்கே ஓர் அடி) நீளம், நிமிடத்துக்கு அறுபது அடி என்ற நிதான நடை என்றால் எட்டு ஸ்வரங்கள் வசதியாக இடம் பெறும்: சி பி சி பி சி பி ஏ பி, அடுத்து முடிவான சி. கடைசியில் வரும் ‘ஏ பி’ என்ற இரண்டும் ட்ரில்லை அடுத்த ஸ்வரத்தோடு முடிச்சுப் போடும் இறுதி ஸ்வரங்கள். வாக்கிய முடிவில் வரும் நீண்ட ட்ரில்லில் அவை அச்சில் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுபவை. நடை இரட்டிப்பானால் நான்குக்குத்தான் இடமிருக்கும்: சி பி ஏ பி. இந்த நான்கு ஸ்வரங்களைக் கவனித்துப் பாருங்கள், இது டர்ன் எனப்படும் அலங்காரத்தின் உருவமேதான். விரல் போதாத இடத்திலும் நேரம் போதாத இடத்திலும் ட்ரில்லுக்குப் பதில் டர்ன் வாசிப்பது ஏமாற்று வேலை அன்று. இரண்டும் உள்ளுக்குள் ஒரே உறவுமுறை. சிறு கைகள் உள்ள குழந்தைக்கு நான் இதைத்தான் முதலில் கொடுப்பேன். பதினாறு ஸ்வரங்களை அரைகுறையாகக் கொட்டுவதைவிட நான்கை நிறைவாக வாசிப்பது காதுக்கு எவ்வளவோ மேல்.

இனி விதி தளரும் இடங்கள். ட்ரில்லுக்கு முந்திய ஸ்வரமே அந்த மேல் ஸ்வரமாக இருந்து, இரண்டும் ஒரே வளைகோட்டின்கீழ் இறங்கி வந்தால், மேல் ஸ்வரத்தை மறுபடி அடிக்காமல் முந்தியதையே அடிமேல் சற்று நீட்டி, அதிலிருந்து இறங்குவது வழக்கம். வேகமாக இறங்கிவரும் சிறிய ஸ்வரங்களின்மேல் அலைக்குறி இருந்தால் நேரம் இருக்காது. அங்கே எழுதிய ஸ்வரம், மேல் ஸ்வரம், மறுபடி எழுதிய ஸ்வரம் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வதே நடைமுறை. பிறகு காலமும் மாறுகிறது. பியானோ கலைஞர் ஹும்மெல் 1828-இல் வெளியிட்ட பியானோ பாடநூலில் ட்ரில்லை எழுதிய ஸ்வரத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று விதித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு போகப்போக அந்தப் பழக்கமே பரவியது. அப்போது ட்ரில்லின் வேலையும் மாறிவிட்டது: பேஸோடு உரசுவதைவிட ஒரு நீண்ட ஸ்வரத்தை ஒளிரச்செய்வதே நோக்கம். உங்கள் பழைய புத்தகத்தின் அடிக்குறிப்பு அந்த நூற்றாண்டின் பழக்கத்தை அதற்கு முந்திய நூற்றாண்டின் இசைமேல் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். அடிக்குறிப்பு பாக்கின் கை அன்று, பதிப்பாசிரியரின் கருத்து.

தேர்வைப் பற்றிய கவலைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இசைத் தேர்வுகளை நடத்தும் லண்டனின் ஏபிஆர்எஸ்எம் வாரியம் தன் பாடத்திட்டத்திலேயே, பதிப்பில் அச்சிட்டிருக்கும் விரல் எண்கள், மெட்ரோனோம் அளவு, அலங்காரங்களின் விரிவு போன்ற பதிப்பாசிரியரின் யோசனைகளை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை என்று கூறுகிறது. தேர்வாளர் கேட்பது அலங்காரம் நடையைக் குலைக்காமல், உருப்படியின் காலத்துக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறதா என்பதைத்தான்.

அலைக்குறியின் நடுவே ஒரு நேர்கோடு வெட்டினால் அது மோர்டென்ட். இது கீழ்நோக்கிப் போய்த் திரும்புவது. பாக்கின் இரு குரல் இன்வென்ஷன்களில் முதலாவதான சி மேஜர் உருப்படியின் முதல் பாரிலேயே வலது கையின் பி-மேல் இது வருகிறது. வாசிப்பது பி ஏ பி. இது ட்ரில்லுக்கு நேர் எதிரான குணம் உடையது. எழுதிய ஸ்வரமே முதலில் அடிமேல் விழுகிறது. உரசலுக்கு இங்கே வேலையில்லை, சுருக்கென்று ஓர் அழுத்தம் மட்டும்தான். ஹார்ப்சிகார்டில் விரலை எவ்வளவு அழுத்தினாலும் ஒலி கூடாது, ஒலித்ததும் தேயவும் தொடங்கிவிடும். ஒரு ஸ்வரத்தை மற்றவற்றிலிருந்து தூக்கிக் காட்ட அவர்களுக்கு இருந்த வழிகளில் மோர்டென்ட் ஒன்று. நீண்ட ஸ்வரத்தைச் சாகாமல் வைத்திருக்க உதவியது ட்ரில். பியானோவில் விரல் அழுத்தத்துக்கு ஒலி கூடும் என்பதால் மோர்டென்ட்டையும் வாசித்து, பலமாகவும் அடித்தால் அது இரட்டிப்பு அழுத்தமாகி முரட்டுத்தனமாகக் கேட்கும். லேசாக, விரலைச் சாவிக்கு மிக அருகிலேயே வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

வீணை பழகும் பிள்ளைக்கு மோர்டென்ட் எளிதில் கைவர வேண்டும், ஏனெனில் ஜண்டை வரிசையில் அவள் தினமும் வாசிக்கும் ஸ்புரிதம் இதற்கு மிக அருகில் இருக்கிறது. ‘ஸஸ ரிரி கக’ என்று வரும்போது இரண்டாவது ரி-யைக் கீழிருக்கும் ஸ-வைத் தொட்டு எழுப்புகிறோம். ரி, ஸ, ரி என்ற அதே மூன்று ஸ்வரங்கள். வேறுபாடு அழுத்தம் விழும் இடத்தில். ஸ்புரிதத்தில் இரண்டாவது ரி-யில்தான் அழுத்தம். மோர்டென்ட்டில் முதல் ஸ்வரம் அடிமேல் விழ, மற்ற இரண்டும் அதன் நிழலாகத் தொடரும். இந்த ஒன்றைத் திருத்திவிட்டால் போதும். பலர் இதைத் திருத்தாமல் விடுவதால்தான் அவர்களுடைய மோர்டென்ட் அடிக்கு முன்னாலேயே தொடங்கி, கடைசி ஸ்வரம் பேஸோடு விழுகிறது. தாளம் தள்ளிப்போவதுபோல் கேட்பதற்கு அதுவே காரணம்.

சிறிய எழுத்தில் அச்சிடும் ஒற்றை ஸ்வரங்கள்தான் எல்லாவற்றிலும் அதிகக் குழப்பம் தருபவை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆசிரியர்களான குவான்ட்ஸ் (1752), பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல் (1753) இருவரும் நீண்ட அப்போஜியாதுராவுக்கு ஒரே கணக்கைத் தருகிறார்கள்: பெரிய ஸ்வரம் இரண்டாகப் பிரியக்கூடியதென்றால் சிறிய ஸ்வரம் அதில் பாதியை எடுத்துக்கொள்ளும், புள்ளி வைத்த ஸ்வரமென்றால் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டு க்ராட்செட் நீளமுள்ள மினிமுக்கு முன் வந்தால் க்ராட்செட்டும் க்ராட்செட்டும். புள்ளி வைத்த மினிமுக்கு முன் வந்தால் அப்போஜியாதுராவுக்கு ஒரு மினிம், எழுதிய ஸ்வரத்துக்கு மிஞ்சிய ஒரு க்ராட்செட். சிறியதாக எழுதப்பட்டது பெரும்பங்கைக் கொண்டுபோவது முதலில் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் காரணம் மேலே சொன்னதே: சாய்வுதான் இங்கே செய்தி, தீர்வு அதன் முடிவு மட்டுமே. சாய்வு பலமாகவும் தீர்வு மெலிந்தும் ஒலிக்க வேண்டும் என்பதிலும் இருவரும் உடன்படுகிறார்கள். இதற்கு விலக்காக, மூன்றாவது ஸ்வரத்துக்குத் தாவி இறங்கும் ஈ-சி போன்ற இடைவெளியை நிரப்பும் சிறிய டி அடிக்கு முன்னதாகக் கடந்து போகலாம் என்று குவான்ட்ஸ் சொல்கிறார். அது உரசுவதற்கு வந்ததன்று, வழியில் நடப்பது.

குறுக்குக்கோடு போட்ட சிறிய ஸ்வரத்தைக் கண்டால் இன்றைய பாடப்புத்தகங்கள் மிகக் குறுகியது, சட்டென்று நசுக்கி வாசி என்று சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைக்கு அது சரி. லியோபோல்டின் மகன் வோல்ஃப்காங் மோட்ஸார்டின் காலத்துக் கையெழுத்தில் அந்தக் கோடு பல இடங்களில் ‘இது செமிகுவேவர்’ (க்ராட்செட்டில் கால் பங்கு) என்று காட்டும் எழுத்து வழக்கம் மட்டுமே. கோட்டைக் கண்டதுமே குறுகியது என்று முடிவு கட்டினால் பாட்டுக்கு உரிய சாய்வு காணாமல் போகும். அவருடைய ஏ மைனர் சொனாட்டா (கேஹெல் பட்டியலில் எண் 310, 1778-ஆம் ஆண்டு) ஈ-க்கு முன் ஒரு சிறிய டி-ஷார்ப்போடு தொடங்குகிறது. அதைக் குறுகலாக வாசிப்பவர்களும் நீட்டிச் சாய்ப்பவர்களும் இன்றுவரை இரு தரப்பாக இருக்கிறார்கள். நான் குறுகிய பக்கம். இடது கை இடைவிடாமல் ஏ மைனராக இடித்துக்கொண்டிருக்கும் அந்த நடைக்கு அதன் கூர்மையே அழகு என்று தோன்றுகிறது. ஆனால் நீட்டி வாசிப்பவரைத் தவறு என்று சொல்லமாட்டேன்.

குரலிசையில் இந்தச் சாய்வு எழுதப்படாமலேயே எதிர்பார்க்கப்பட்டது. பேச்சுநடையான ரெஸிட்டேட்டிவில் ஒரு வரி ஒரே ஸ்வரத்தின் இரண்டு அசைகளில் முடிந்தால், முதல் அசையை மேல் ஸ்வரத்தில் பாடி இரண்டாவதில் இறங்குவது அக்காலப் பாடகரின் அடிப்படைப் பழக்கம். இசையமைப்பாளர் டெலிமான் 1725-இல் வெளியிடத் தொடங்கிய தேவாலயப் பாடல் தொகுப்பின் முன்னுரையில் அதை எடுத்துக்காட்டோடு விளக்கியிருக்கிறார். கிறிஸ்துமஸ் காலத்தில் ஹாண்டலின் மெசையாவைப் பாடும் குழுக்களில் சேரும் நம் பிள்ளைகள் அச்சில் இருப்பதை அப்படியே பாடிவிடுவதற்கு இது தெரியாததே காரணம்.

படுத்த எஸ் வடிவிலுள்ள டர்ன் குறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்வரத்தின் நேர் தலைமேல் இருந்தால் உடனே நான்கு ஸ்வரங்கள்: ஈ-யின்மேல் என்றால் எஃப் ஈ டி ஈ. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே இருந்தால் முதல் ஸ்வரத்தைத் தாங்கிவிட்டு, அடுத்தது வருமுன் அந்த நான்கையும் வாசிக்க வேண்டும். குறிக்கு மேலோ கீழோ ஷார்ப், ஃப்ளாட் இருந்தால் அது முறையே மேல், கீழ் ஸ்வரத்துக்கு உரியது. ஹெய்டன் மட்டும் மோர்டென்ட்டைப் போலவே தோன்றும் ஒரு குறியை டர்ன் வேண்டிய இடத்திலும் எழுதிவிடுவார். அவருடைய சொனாட்டாவில் மோர்டென்ட் பொருந்தாமல் முரண்டினால் டர்ன் போட்டுப் பாருங்கள்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. கமகம் போல வாசிக்கலாமா? பியானோவில் நிச்சயம் முடியாது, வயலினில் முடிந்தாலும் கூடாது. இரண்டும் எதைச் சார்ந்திருக்கின்றன என்பதில் வேறுபாடு இருக்கிறது. கமகம் ராகத்துக்கு உரியது. பாக்கின் அலங்காரம் பேஸுக்கு உரியது. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்தினால் அது அலங்காரம் இல்லாத தோடி ஆகாது, தோடியே ஆகாது. அந்த அசைவு ஸ்வரத்தின் மேல் பூசியதல்ல, ஸ்வரமே அதுதான். பாக்கின் ட்ரில்லை எடுத்துவிட்டால் உருப்படி மெலியும், சில இடங்களில் மொட்டையாகும். ஆனால் அது எந்த உருப்படி என்பதில் ஐயம் வராது. இன்னொன்று, ட்ரில்லில் இரண்டு ஸ்வரங்களும் தனித்தனியே தெளிவாகக் கேட்க வேண்டும், இடையில் வழுக்கல் கூடாது. கம்பிதம் என்ற அசைவுக் கமகத்தில் இரண்டு எல்லைகளுக்கு நடுவிலுள்ள பயணம்தான் முக்கியம். எந்த எல்லையில் எவ்வளவு தங்குவது என்பது ராகத்துக்கு ராகம் மாறும்.

இதை எழுத்தில் பிடிக்க நம்மவர்களும் முயன்றிருக்கிறார்கள். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்ஷினியில் கம்பிதத்துக்கு நெளிகோடு, மேலும் கீழும் வழுக்கும் ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள், ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளிகள் என்று தனித்தனிக் குறிகள் அமைத்தார். அவரிடமிருந்து கீர்த்தனைகளைக் கேட்டறிந்த சின்னசாமி முதலியார் அதற்கு முன்பே, 1890-களில், கர்நாடக இசையை ஸ்டாஃப் நொட்டேஷன் எனப்படும் மேற்கத்திய ஐந்துகோட்டு முறையில் எழுதி அச்சிடத் தொடங்கியிருந்தார். ஆனால் தோடி காந்தாரத்தை ஐந்து கோட்டில் ரி-ம-ரி-ம என்று சிறு ஸ்வரங்களாக எழுதிக்கொடுத்தால், பியானோ மட்டும் கற்றவர் அதை ஒரு ட்ரில்லாகவே வாசிப்பார். உங்கள் மகள் பாக்கின் நெளிகோட்டைக் கம்பிதம் என்று எடுத்துக்கொள்வதற்கு நேர்மாறான அதே பிழை அது. குறியின் வடிவம் ஒன்றுபோல் இருப்பதை நம்பக் கூடாது. லியோபோல்ட் மோட்ஸார்ட் தம் நூலில், ஒவ்வொரு ஸ்வரத்தையும் விட்டுவைக்காமல் நடுங்க வைக்கும் வயலின்காரர்களைத் தீராத குளிர்காய்ச்சல் பிடித்தவர்கள் என்று கிண்டல் செய்கிறார். கர்நாடக வயலினிலிருந்து மேற்கத்திய வயலினுக்கு வரும் சில பிள்ளைகளைக் கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

வீணைப் பயிற்சி இங்கே சுமை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து ஸ்வரமான அனுஸ்வரத்தை மெல்லியதாகத் தொட்டுவிட்டு வரும் பழக்கம், ஒரு ஸ்வரத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கேட்கும் காது, கை விரல்களைவிட மனத்தில் தாளத்தை வைத்திருக்கும் ஒழுங்கு ஆகிய மூன்றும் பியானோ மட்டும் கற்கும் பிள்ளைகளுக்குத் தாமதமாகவே வருகின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள். முதலில் உருப்படியை எல்லா அலங்காரங்களையும் நீக்கிவிட்டு, இரண்டு கைகளும் சேர்ந்து, நடை பிசகாமல் வாசிக்கட்டும். பிறகு ட்ரில் வரும் இடத்தில் சாய்வு ஸ்வரத்தை மட்டும் சேர்க்கட்டும். அதன்பின் வலது கை ஸ்வரங்களை வாயால் ‘தகதிமி’ என்று சொல்லி, ‘த’ விழும் இடத்தில் இடது கையை மட்டும் அடிக்கட்டும். ‘த’-வும் பேஸும் ஒன்றாக விழுந்தால் விரல்களுக்கு மாற்றலாம். இரண்டாம், மூன்றாம் விரல்கள் மாறி வருவதா, ஒன்றாம், மூன்றாம் விரல்கள் மாறி வருவதா, எது எளிது என்பதை அந்தந்தக் கையே சொல்லும். அச்சிட்ட விரல் எண்ணுக்காகக் கையை வளைக்க வேண்டாம்.

கருவியையும் ஒருமுறை பாருங்கள். கியூர்பிப், வாக்கோவா பக்கத்து மேட்டு நிலங்களின் ஈரத்தில் பியானோச் சாவிகளின் மரமும், அவை ஆடும் இடத்திலுள்ள கம்பளித் துணியும் ஊறிப் பருத்து, சாவி தாமதமாக எழும்பும். அழுத்தினால் ஒலிக்கும், ஆனால் உடனே மறுபடி ஒலிக்காது. சாதாரண வாசிப்பில் தெரியாத இந்தக் குறை ட்ரில்லில்தான் அம்பலமாகும்; குழந்தையின் விரலில் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். ட்ரில் வரும் இரண்டு சாவிகளை மட்டும் தனித்தனியே மெதுவாக அழுத்தி விட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சோம்பலாக எழும்பினால் ட்யூனரை அழைத்துத் துணியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவரை நான்கு ஸ்வர ட்ரில்லோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, அச்சில் இல்லாத அலங்காரத்தைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பாக் காலத்து நடன உருப்படிகளில் ஒரு பகுதியைத் திரும்ப வாசிக்கும்போது கொஞ்சம் அலங்கரிப்பது வழக்கத்தில் இருந்ததுதான். ஆங்கில ஸுவீட்டுகள் என்ற நடனத் தொகுதிகளில் ஏ மைனரிலும் ஜி மைனரிலும் அமைந்த இரண்டின் ஸாராபாந்து நடனத்துக்குப் பாக்கே அலங்கரித்த வடிவத்தைத் தனியாக எழுதிக்கொடுத்திருக்கிறார். அவ்விரண்டையும் சாதா வடிவத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் சேர்க்கிறார், எந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார் என்பது தெரியும். மகள் அந்த நிலைக்கு வரும்வரை வாக்கிய முடிவில் ஒரு ட்ரில், இறங்கும் மூன்றாவது இடைவெளியில் ஒரு சிறு நிரப்பு, இவற்றுக்கு மேல் வேண்டாம். அவற்றையும் திரும்ப வாசிக்கும் தடவைக்கே வைத்துக்கொள்ளட்டும்.